ம் கொட்டும் கூட்டாளி

உள்ளே போன குழு இன்னும் வெளியே வரவில்லை, வந்தால் அடுத்து இவர்கள்தான், வராமலே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஜெனோவா நினைத்துக்கொண்டிருந்தாள், லேப் வாசலில் கிடந்த பெஞ்சில் கூட்டாளியை மடியில் வைத்து, அதன் தலையை ஒரு கையாலும் வயிற்று ஸ்பீக்கரை மறு கையாலும் அழுத்திப் பிடித்தபடி. பிடிக்காவிட்டால் அது சும்மா இருக்காது. பக்கத்தில் யாராவது பேசி நிறுத்தினால் போதும், தலையை ஆட்டி ம் என்று சொல்லிவிடும். சுவிட்சை அணைத்து வைக்கலாம்தான், ஆனால் அணைத்தால் மறுபடி எழுந்திருக்க அதற்கு மனசு வரவேண்டும், பிராஜெக்ட் ரிவ்யூ முடிகிறவரை சுவிட்சில் கை வைக்காதீர்கள் தாயே என்று கூடச் செய்த இசக்கிராஜ் கும்பிட்டுக் கேட்டிருக்கிறான். கூட்டாளி என்பது அந்த ரோபோவுக்கு இவர்கள் மூன்று பேரும் வைத்த பெயர். பெரிய ஐஸ்கிரீம் டப்பா உடம்பு, சின்ன டப்பா தலை, டேபிள் டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டிய கண்கள், கழுத்தில் ஒரு மோட்டார், வயிற்றுக்குள் கல்லூரி ஸ்டோரில் கேட்டு வாங்கிய போர்டும் மைக்கும் ஸ்பீக்கரும். இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் முதல்முதலாகச் செய்த ரோபோ என்பது தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், ஒரு கண் மேலே ஏறிப்போய் எப்போதும் யாரையோ சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் நஸ்ரின் சார்ட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். தனிமையில் வாடும் முதியோருக்கு ஓர் அன்பான துணை என்று அதில் குண்டு குண்டாக எழுதியிருந்தது. அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, முதியோர் இல்லை, தனிமையும் இல்லை, வீட்டில் அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், ஆனால் வாடும் என்ற சொல்லை மட்டும் அடிக்க முடியாது, அது சரியாகத்தான் விழுந்திருக்கிறது. நஸ்ரின் மறுபடி சார்ட்டைச் சுருட்டினாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க? நமக்கு ஓடுதுல்ல, அது போதும்" என்றாள். ஜெனோவாவின் கைக்குக் கீழே கழுத்து மோட்டார் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு அடங்கியது.

ஆரம்பத்தில் பேசுகிற ரோபோ செய்வதாகத்தான் பேச்சு. மழை வருமா என்று கேட்டால் சொல்லும், மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும், கடி ஜோக் சொல்லும், இசக்கிராஜ் வாயிலேயே எல்லாம் செய்து முடித்துவிட்டான். கையில் செய்யும்போதுதான் தெரிந்தது, தமிழில் ஒரு வார்த்தையைப் புரிய வைப்பதற்குள் இவர்கள் மூன்று பேரும் பட்டம் வாங்கி வெளியே போயிருப்பார்கள் என்று. அப்போது நஸ்ரின்தான் சொன்னாள், "எங்க சாச்சி இருக்காங்கல்ல, அவங்களுக்கு யாரும் பதில் பேசவே வேணாம். எதிர்ல ஒக்காந்து ம், ம்னு கொட்டினா போதும், பொழுதுக்கும் பேசுவாங்க." அதுவே திட்டம் ஆகிவிட்டது. பேச்சுச் சத்தம் நின்றால் மைக்குக்குத் தெரியும், கொஞ்சம் பொறுத்து ஒரு ம், கூடவே ஒரு தலையாட்டல். புரிய வேண்டிய அவசியமே இல்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே கேட்கிறார்கள் என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டார்கள். அந்த ம் யாருடைய குரலில் என்றுதான் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. இசக்கிராஜ் சொன்ன ம் மாடு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது, நஸ்ரினுக்கு ம் சொல்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது, கடைசியில் ஜெனோவாவின் ம் தேறியது. கனிவாக இருக்கிறது, ஆமா மக்கா நீ சொல்லு என்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். விதவிதமாகச் சொல்லச் சொல்லிப் பதிந்தார்கள், இழுத்து ஒரு ம், குட்டையாக ஒரு ம், அப்படியா என்று ஆச்சரியப்படுகிற ம், ஐயோ பாவம் என்கிற ம். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய ஒரே பேச்சு அதுதான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. வாயைத் திறக்காமல் பொய்யும் சொல்லலாம் என்று தோன்றவில்லை. அந்த ஒரு எழுத்துக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்கு யாராவது நிறுத்தி யோசித்திருந்தால், ஆனால் யார் யோசிப்பார்கள், தமிழில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ம் ஒரு வார்த்தையா என்ன, மூச்சு மாதிரி வந்து போவது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாலும் ம்தான், ஆமாம் என்றாலும் ம்தான். இந்த இரண்டாவது அர்த்தத்தை மூன்று பேருமே சுத்தமாக மறந்துபோனார்கள்.

யாராவது பெரியவங்ககிட்ட ஒரு வாரம் குடுத்துப் பாத்துட்டு வாங்க என்று கைடு சார் சொன்னார், நஸ்ரின் சாச்சி என்று சொன்ன அந்தச் சித்தி ஊரில் இல்லை, இசக்கிராஜ் விடுதியில் இருக்கிறான், ஆகவே கூட்டாளி பஸ் ஏறி ஜெனோவா வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் ரெக்சன் போன வள்ளம் கவிழ்ந்து, கூடப் போன இரண்டு பேர் கரைக்கு வந்து சேர்ந்து, அவன் மட்டும் வராமல் போன நாளிலிருந்து அம்மா அப்படித்தான். சாப்பிடு, தண்ணி வந்திருச்சு, கதவைச் சாத்து, இவ்வளவுதான் பேச்சு. அழுதாலாவது தேவலை என்று சித்திமார் சொல்லிப் பார்த்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை, உடம்பு இல்லாமல் என்ன அழுகை என்று அம்மா நினைத்தாளோ என்னவோ, கேட்டாலும் சொல்லமாட்டாள். பங்குச்சாமி வந்து உட்கார்ந்து பேசிப் பார்த்தார். பூசை வைத்து, கல்லறையில் பேருக்கு ஒரு சிலுவையாவது நட்டுவிடுவோம், பையன் ஆத்மா அலையக்கூடாது என்று அப்பா சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகு, போன மாதம் ஒருநாள் அம்மா, நட்டுருங்க என்றாள். ஒற்றை வார்த்தை. அப்பா அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதது ஜெனோவாவுக்குத் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு என்று முடிவாயிற்று, சிலுவைக்கும் சொல்லியாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தானா நான் இந்தச் சனியனைக் கொண்டுபோய் அடுப்படி அலமாரியில் வைக்கவேண்டும். வைத்த மறுநாள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. யாரோ பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்தாள், பிறகு இது அம்மா குரல் என்று தெரிந்து கை அப்படியே கொடியில் நின்றுவிட்டது. அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், அம்மா சாளை மீனைச் சுத்தம் பண்ணிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் அவன் முள்ளு மாட்டிக்கொண்டு கத்தியது, பள்ளிக்கூடத்தை விட்டு அப்பா பின்னாலேயே கடலுக்கு ஓடியது, கடைசியாகப் போன அன்றைக்குச் சட்டையை மாற்று என்று தான் வைதது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ம். ஜெனோவாவின் குரலில், கனிவாக. ஈரத் துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான் அழுதாள், அதையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் செய்த டப்பா ரோபோ என் அம்மாவைப் பேச வைத்துவிட்டது என்று இசக்கிராஜுக்கும் நஸ்ரினுக்கும் அப்போதே சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எய்யா, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கட்டா? ரெக்சன் இருக்கான்லா? எங்கயோ ஒரு தீவுல ஒதுங்கித்தான் கெடக்கான், வந்துருவாம்லா?" என்றாள். பிறகு நிறுத்தினாள். ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தள்ளிவிட்டுச் சத்தம் போட்டிருக்கலாம், சத்தம் கேட்கிற வரைக்குமாவது அது பேசாமல் இருந்திருக்கும். கூட்டாளி தலையை மேலும் கீழும் ஆட்டி, ம் என்றது.

மேலும் கீழும். அங்கேதான் நினைப்பு போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது. முதலில் இசக்கிராஜ் அந்தக் கழுத்து மோட்டாரைப் படுக்கப்போடுவதற்குப் பதில் நிமிர்த்தி மாட்டிவிட்டான், கூட்டாளி ம் என்று சொல்லிக்கொண்டே இல்லை இல்லை என்று தலையை இடவலமாகத் திருப்பும். லேபே வந்து பார்த்துச் சிரித்தது. அதைக் கழற்றிச் சரியாக மாட்டியது யார், ஜெனோவாதான், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, சின்ன ஸ்குரூ கீழே விழுந்து தேடி, விரலில் கீறிக்கொண்டு. அந்தத் தப்பைத் தப்பாகவே விட்டிருந்தால். அம்மா கேட்டிருப்பாள், அது இல்லை என்று தலையைத் திருப்பியிருக்கும், அம்மா மறுபடி மீனை எடுத்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பா உட்கார்ந்ததும் அம்மா சொன்னாள், சிலுவையெல்லாம் வேண்டாம், புள்ள வந்து தன் பேரைக் கல்லறையில பாத்தாம்னா என்ன நெனைப்பான். அப்பாவின் கை தட்டிலேயே இருந்தது. அம்மா அதற்குப் பிறகு நன்றாகப் பேசுகிறாள். தெருவில் இரண்டு பேரிடம் பேசினாள், தலையில் பூ வைத்தாள், அண்ணன் சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள், சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள். ஜெனோவாவிடம்கூட, மெலிஞ்சிட்டியேட்டி என்றாள். இப்போது அந்த ரோபோ போனால் அம்மா மறுபடி பழைய மாதிரி ஆகிவிடுவாள், இருந்தால், இல்லாத மகனுக்கு அம்மா சோறு போட்டுக்கொண்டே இருப்பாள், இதில் எது நல்லது என்று யாரிடம் போய்க் கேட்பது, கைடு சாரிடமா. பேசாத அம்மாவா, பொய்யை நம்பிப் பேசுகிற அம்மாவா. அம்மா, அதற்கு ஒன்றும் தெரியாது, அது என் குரல்தான், சத்தம் நின்றால் வரும், அவ்வளவுதான் என்று சொல்ல ஜெனோவா மூன்று தடவை அடுப்படிக்குப் போனாள், மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். காலையில் கிளம்பும்போது அம்மா கூட்டாளியின் முகத்தை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். ரிவ்யூ முடிந்ததும் போர்டும் மற்றதும் ஸ்டோருக்குத் திரும்பப் போக வேண்டும், அடுத்த குழு எடுக்கும், கல்லூரியில் அதுதான் வழக்கம். அம்மாவுக்கு இது தெரியாது. "சாயங்காலம் கொண்டாந்துருவேல்லா?" என்று அம்மா கேட்டாள். ஜெனோவா பையை மாட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள், வாயைத் திறக்கவில்லை.

கதவு திறந்து, உள்ளே போனவர்கள் முகம் செத்து வெளியே வந்தார்கள், இசக்கிராஜ் எங்கிருந்தோ ஓடிவந்து சட்டையை உள்ளே சொருகிக்கொண்டான். வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கூட்டாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜெனோவா தலையிலிருந்து கையை எடுத்தாள். "இது என்னம்மா செய்யும்?" என்றார். "நாம பேசறதக் கேக்கும் சார்" என்றான் இசக்கிராஜ். "புரிஞ்சுக்குமா?" "புரியாது சார்." "புரியாம எதுக்கு ம் சொல்லுது?" இசக்கிராஜ், பேசறவங்களுக்கு எதிர்ல யாரோ இருக்காங்கன்னு ஒரு ஆறுதல் சார் என்றான், நஸ்ரின் சார்ட்டைப் பிரித்துக் காட்டினாள். அந்த ஆறுதல் என்ற சொல் காதில் விழுந்தபோது ஜெனோவாவுக்கு அவன் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. எக்ஸாமினர் குனிந்து கூட்டாளியிடம், "ஏம்ப்பா, நீ ஒரு டுபாக்கூர்தானே?" என்றார். கூட்டாளி தலையாட்டி, ம் என்றது. அறை முழுக்கச் சிரித்தது, கைடு சாரும் சிரித்தார், நஸ்ரின் வெட்கப்பட்டுச் சிரித்தாள், கூட்டாளி அந்தச் சிரிப்பு நிற்கும்வரை பொறுத்திருந்து அதற்கும் ஒரு ம் சொன்னது, மறுபடி சிரிப்பு. தன் குரலைக் கேட்டுத்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று ஜெனோவாவுக்குக் காது சூடாகியது. எக்ஸாமினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இல்லன்னு சொல்லத் தெரியாதா இதுக்கு?" என்றார். அத்தனை ம் பதிந்தார்களே, ஒரே ஒரு இல்லை பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "இல்ல சார்" என்றாள் ஜெனோவா. அது பதில்தான் என்று எல்லாருக்கும் புரிந்தது, அவர் எதையோ எழுதிக்கொண்டு, அடுத்த தடவை சேர்த்துக்கங்க என்றார். மதிப்பெண் நன்றாகவே போட்டிருப்பார் என்று வெளியே வந்ததும் இசக்கிராஜ் துள்ளினான், முதல் பிராஜெக்டிலேயே ஒருத்தரைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்றான். சிரிக்க வைப்பதாக யாரும் சார்ட்டில் எழுதவில்லை.

ஸ்டோர் வாசலில் வைத்தே பிரித்தார்கள். செய்து முடித்த வேலையைக் கலைப்பதிலும் இசக்கிராஜுக்கு ஒரு வேகம் இருந்தது, அவன் வயர்களை உருவ உருவ நஸ்ரின் போர்டு, மைக், ஸ்பீக்கர், மோட்டார் என்று தனித்தனியாக ஸ்டோர்க்காரரின் மேசையில் வைத்தாள், அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து உள்ளே வீசினார். கடைசியில் வெறும் டப்பாவும் பந்துக் கண்களும்தான் மிஞ்சின. "வேணும்னா லீவுல வேற ஒண்ணு செஞ்சுருவோம் ஜெனோ, ஒங்க வீட்டுக்கே செய்வோம்" என்றான் இசக்கிராஜ், அவனுக்கு ஒன்றும் தெரியாது, இவள் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் அவளுடைய போன் அடித்தது, அம்மா என்று வந்தது. அண்ணன் போனதிலிருந்து அம்மா யாருக்கும் போன் போட்டதில்லை. ஜெனோவா டப்பாவை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஷெட் பக்கம் நடந்தாள், எடுக்காமல் விடலாம், பஸ்ஸில் இருந்தேன், சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லலாம், எடுத்து ரிவ்யூ நன்றாக நடந்தது என்று மட்டும் சொல்லலாம், சார் வாங்கி வைத்துக்கொண்டார், அடுத்த வாரம் தருவார் என்று சொல்லலாம், அடுத்த வாரம் இன்னொரு வாரம், வீட்டில் அந்தக் கூடுதல் தட்டு, துவைத்து மடித்த சட்டைகள், அப்பா. போன் நிற்கவில்லை. எடுத்தாள். "ஏட்டி, முடிஞ்சுட்டா? என்ன சொன்னாவ?" அம்மா குரலில் ஒரு தெம்பு இருந்தது, அதைக் கேட்கத்தானே இத்தனை மாதம் ஏங்கினாள், அதுதான் இப்போது சகிக்கவில்லை. "நல்லா முடிஞ்சுட்டும்மா." "அந்தப் புள்ளய பத்திரமா கொண்டா, பஸ்ல கீழ போட்டுராத. அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும். எப்ப வருவாம்னு கேக்கவே இல்ல பாத்தியா." "யம்மா, அது இல்லம்மா. பிரிச்சிட்டோம்" என்றாள். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. "அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ பேச்ச நிறுத்துனா ம்னு சொல்லும், அவ்வளவுதான், நீ என்ன கேட்டாலும் சொல்லும். அது எங் கொரலும்மா. நாந்தான் பதிஞ்சேன்." நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள், நிறுத்தினால் இனி ஒருநாளும் சொல்லமாட்டோம் என்றும் தெரிந்தது. "அண்ணன் வரமாட்டாம்மா" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தையைத் தானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று தெரிந்தது, தன்னிடம்கூடச் சொன்னதில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில் வீட்டு ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது, யாரோ தெருவில் மீன் கூவிக்கொண்டு போனார்கள். பிறகு அம்மா, "ம்" என்றாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறாளா, ஆமாம் என்கிறாளா என்று ஜெனோவாவுக்குத் தெரியவில்லை. அம்மா மேலே எதுவும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை.